நான் ஏறிய உப்பு மூட்டை

கோயில் ஊர்க்காரனுக்குச் சாமி மேல் எவ்வளவு நம்பிக்கையோ, செருப்பு விடும் இடத்தின் மேல் அவ்வளவு அவநம்பிக்கை. திருவண்ணாமலையில் பிறந்து வளர்ந்து, கோபுர வாசலில் மூன்று ஜோடி பறிகொடுத்தவன் நான். (நாலாவது ஜோடி கிடைத்தது. ஆனால் அது என்னுடையதல்ல.)

போன கோடை விடுமுறைக்குச் சென்னைப் பக்கம் போகலாம் என்றதுமே வீட்டில் சண்டை. மகள் யாழினிக்கு ரோலர் கோஸ்டர் உள்ள தீம் பார்க் வேண்டும். மனைவி மல்லிகாவுக்கு வாட்டர் பார்க்.

"ராட்டினத்துல ஏத்தினா அங்கியே வாந்திதான். தண்ணின்னா நாளெல்லாம் கெடப்பேன்" என்றாள்.

இரண்டும் ஒரே வளாகத்தில் இருக்கும் பார்க் ஒன்றைத் தேடிப் பிடித்தேன். ஆபீஸில் ஒரு ஃபைலைக்கூட நகர்த்தாதவன், வீட்டுத் தகராறையே தீர்த்துவிட்ட மிதப்பில் திரிந்தேன்.

பார்க்கிங்கில் இறங்கியதும் உத்தரவு போட்டேன். "செருப்ப காரிலயே விடுங்க. உள்ள எவனாவது போட்டுக்கினு போயிடுவான்."

"வெயில் ஏறினா சுடுங்க" என்றாள் மல்லிகா.

"மலையையே வெறுங்கால்ல சுத்துறவங்க நாம!"

இந்த 'நாம' பச்சைப் பொய். மலை சுற்றும் பாதையிலேயே இருக்கும் அடி அண்ணாமலையில், வேர்க்கடலைக் கொல்லையில் வளர்ந்தவள் அவள். (வேர்க்கடலை எங்கள் பக்கம் மல்லாட்டை.) பௌர்ணமி தவறாமல் மகளையும் கூட்டிக்கொண்டு மலை சுற்றுகிறவள். நான் அவர்களை பைக்கில் கொண்டுபோய் விட்டுவிட்டு, வேங்கிக்கால் வீட்டுக்குத் திரும்பி ஃபேனுக்கு அடியில் படுக்கிறவன்.

மதியம் வரை தண்ணீரில் ஒரு குறையும் இல்லை. கிணற்றில் நீச்சல் பழகிய மல்லிகா செயற்கை அலையில் நீந்தியதை, முன்பின் தெரியாத பெண்கள் நின்று பார்த்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்போதுதான் ரோலர் கோஸ்டரை இன்று சீக்கிரம் நிறுத்தப் போவதாக மைக்கில் சொன்னார்கள். சின்னப் பிள்ளைகள் பெரியவர் துணையோடுதான் அதில் ஏறலாம். அம்மாவுக்கு ஆகாது. யாழினிக்கு என்னை விட்டால் ஆளில்லை.

தீம் பார்க் பக்கம் போகும் சிமெண்ட் தரையில் கால் வைத்தேன். வைத்த வேகத்தில் எடுத்தேன். தோசைக்கல்! துள்ளித் துள்ளி ஓடி, வழியில் இருந்த ஒரே குடையின் நிழலில் போய் ஒண்டிக்கொண்டேன். அதற்கு மேல் முன்னேயும் போக முடியவில்லை, பின்னேயும் வர முடியவில்லை. காருக்குப் போய்ச் செருப்பை எடுக்கலாம் என்றால், வெளியே போனவரைத் திரும்ப உள்ளே விடமாட்டார்களாம்.

"வாப்பா, மூடிடுவாங்கப்பா!" யாழினிக்குக் கண் கலங்கிவிட்டது. அதே தரையில்தான் அவளும் வெறுங்காலோடு நின்றாள்.

மல்லிகா கோயில் பிராகாரத்தில் நடப்பது போல நிதானமாக வந்தாள். மகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். முதுகைக் காட்டிக் குனிந்தாள்.

"ஏறுங்க."

"ஐயோ, எல்லாரும் பாக்குறாங்க மல்லி!"

"குதிச்சப்பவும் பாத்துக்கினுதான் இருந்தாங்க. எங்க கொல்லையில நான் தூக்காத மல்லாட்டை மூட்டையா? ஏறுங்க."

ஏறினேன். நாற்பது வயதில் உப்பு மூட்டை. ஐஸ்கிரீம் வரிசை மொத்தமும் கை தட்டியது. ஒருவர் போனை எடுத்தார். (முகத்தை அவள் கொண்டையில் புதைத்துக்கொண்டேன்.) அவளுக்கு மூச்சுகூட வாங்கவில்லை. மானம் போன அந்த நேரத்திலும், இப்படி ஒரு மனுஷியைக் கட்டியிருக்கிறோமே என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

கடைசி வண்டியில் இடம் கிடைத்தது. யாழினி சிரித்தாள், நான் அலறினேன்.

இப்போதெல்லாம் தீம் பார்க்கா, வாட்டர் பார்க்கா என்று நான் பேச்செடுத்தாலே, "உனக்கு எதுக்குப்பா டிக்கெட்டு? அதான் ஏறிக்க அம்மா இருக்காங்களே" என்கிறாள் மகள்.

ரோஷம் வந்து, போன பௌர்ணமிக்கு நானும் அவர்களோடு வெறுங்காலில் மலை சுற்றக் கிளம்பினேன். அடி அண்ணாமலையைத் தாண்டியதும் காலில் கல் குத்தி நின்றுவிட்டேன். முன்னால் போன மல்லிகா திரும்பிப் பார்த்தாள். அத்தனை கூட்டத்திலும் லேசாகக் குனிந்து முதுகைக் காட்டினாள்.

மீதி மலையை ஓட்டமாகவே சுற்றி முடித்தேன்.