ஒரே பகலில் முப்பத்திரண்டு வீடு

அன்றைய கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள்: கண்டியிலிருந்து ஒரு வீடமைப்பு அதிகாரி, தோட்டத் தலைவர், நான்கு லயத்துச் சனம், பால் கறந்த கையோடு ஓடிவந்த என் அம்மா, யாரும் அழைக்காமல் வந்த மூன்று நாய்கள். வராதவர்: சுண்ணாம்பு மாமா. எங்கள் குடும்பத்தில் பேனா பிடித்த முதல் ஆள் என்பதால் வந்தவர் வராதவர் எழுதும் வேலையை என் தலையில் கட்டியிருந்தார்கள். ஆகவே அடித்துச் சொல்கிறேன், அவர் வரவில்லை.

ஆனால் கண்டி மாவட்டத்தில், ஏன், இந்தத் தீவிலேயே ஒரே பகலில் முப்பத்திரண்டு வீடு கட்டிய மனிதர் அவர் ஒருவர்தான். பெரிய பெரிய கொந்தராத்துக்காரர்கள் மறுக்கலாம். மறுக்கட்டும். அவர்களுக்குச் சீமெந்து, கம்பி, லொறி எல்லாம் தேவை. மாமாவுக்குத் தேவைப்பட்டது சில மூட்டை சுண்ணாம்பு, ஓர் ஓட்டைத் தகரம், இரண்டு பாதம்.

கலஹாவைத் தாண்டி மேலே ஏறினால் வரும் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அவருக்கு வெள்ளையடிக்கிற வேலை. தீபாவளிக்கு முன்னால் எங்கள் வரிசை வீடுகளான லயங்கள், பெரிய துரை வருகிறார் என்றால் பாதையோரக் கற்கள், மரங்களின் இடுப்புவரை. தொடங்கினால் நிறுத்தத் தெரியாது. மூன்றாம் லயத்துச் சுவரோரம் அடைகாத்துக்கொண்டிருந்த கறுப்புக் கோழியையும் சேர்த்து வெள்ளையடித்துவிட்டார். இன்னொரு முறை, அதே சுவரோரம் கள்ளு மயக்கத்தில் கிடந்த கருப்பையா அண்ணன் பாதி வெள்ளையாக எழுந்து வீட்டுக்குப் போக, அவர் மனைவி, "யாருங்க நீங்க? எங்க வூட்டுக்காரரு முழுசா கறுப்புங்க" என்று கதவைச் சாத்திவிட்டார்.

பாடசாலை விளையாட்டுப் போட்டிக்கு மைதானத்தில் கோடு போடுவதும் அவர்தான். அவர் வாழ்க்கையில் ஒரு நேர்கோடு போட்டதில்லை. நூறு மீற்றர் ஓட்டத்தில் இரண்டாம் கோட்டைப் பிடித்துக்கொண்டு ஓடிய பையன், ஒழுக்கமான பையன், கோடு போன வழியே போய்க் கோயில் வாசலில் நின்றான். மற்றவர்களுக்குப் பதக்கம், அவனுக்கு விபூதி. கேட்டால் மாமா சொல்வார்:

"கோடு நேராத்தான்டா இருக்கு. கிரவுண்டுதான் கோணல்."

அளவுநாடா என்பதை அவர் மதித்ததில்லை. குதிகாலை விரலோடு ஒட்டி வைத்து, பாதத்தாலேயே அளப்பார். அந்தப் பாதத்துக்குக் கலஹா பஜாரில் செருப்புக் கிடையாது. கண்டிக்குப் போனபோது கடைக்காரர் பாதத்தைப் பார்த்துவிட்டு, "சோடியா எடுக்கிறீங்களா, இந்த முறைக்கு ஒண்ணு எடுத்துக்கிட்டுப் போறீங்களா?" என்று கேட்டாராம்.

கூட்டத்துக்கு வருகிறேன். அதிகாரி யாழ்ப்பாணத்து இளைஞர், நல்ல மனிதர், பேசும்போது தான் கொண்டுவந்த கட்டடப் படத்தைத் தானே ரசிப்பவர். சுவரில் அதை விரித்துப் பிடித்தார்.

"இருநூறு வீடு. எல்லாம் நாலு தட்டு மாடிக் கட்டடம். குழாயில தண்ணி, வீட்டுக்குள்ளேயே கக்கூஸ். பக்கத்து டிவிசன் ஆக்களும் இஞ்சதான் வருவினம்."

கூரை பறக்கிற மாதிரிக் கைதட்டல். நூறு வருடத்து ஒற்றையறைக் காம்பிராவில், மழைக்கு ஒழுகும் தகரத்தின் கீழ், பக்கத்து வீட்டு இருமலை நம் இருமலாகக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு "மாடி வீடு" என்றால் சும்மாவா? ஆட்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். நாய்கள் குரைத்தன. நானும் விசிலடித்தேன்.

அம்மா மட்டும் கையைத் தூக்கினார். "சார், எங்க கட்டுறீங்க?"

"மைதானத்திலயும், அதுக்குக் கீழ இருக்கிற சரிவிலயும் அம்மா."

"அங்கதானுங்க எங்க மாட்டுப்பட்டியும் மரக்கறித் தோட்டமும் இருக்கு. மாட்ட எங்கங்க கட்டுறது?"

"மாடி வீட்டில மாடு வளர்க்கேலாது அம்மா."

எல்லோரும் சிரித்தார்கள். "மாடி வருதுன்னா இந்தக்கா மாட்டப் புடிச்சுத் தொங்குது பாரு!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அம்மா உட்கார்ந்துவிட்டார். நான் விசிலை நிறுத்திவிட்டேன். ஏனென்றால் அந்த மாட்டின் பெயர் லெச்சுமி. அதன் பால்தான் கலஹாவில் ஒரு தேத்தண்ணிக் கடைக்குப் போய், நான் கண்டிக்கு டியூஷன் போகிற பஸ் காசாகத் திரும்பி வந்தது. நான் உயர்தரம் எழுதி முடித்தாயிற்று. இனி தங்கச்சி செல்வியின் முறை, ஒன்பதாம் வகுப்பு. லெச்சுமி போனால் செல்வி கொழுந்துக்கூடையைத் தூக்க வேண்டியதுதான்.

இரண்டு கிழமையில் திரும்ப வருவதாகவும், பாதிக்கு மேல் ஆட்கள் சம்மதித்தால் வேலை தொடங்கிவிடும் என்றும் சொல்லிவிட்டு அதிகாரி படத்தை மண்டபத்துச் சுவரிலேயே ஒட்டிவிட்டுப் போனார்.

மாமா எங்கே போனார்? ஜன்னலுக்கு வெளியே வெள்ளையடித்துக்கொண்டிருந்தவர், "இருநூறு வீடு" என்று காதில் விழுந்ததும் தகரத்தைப் போட்டுவிட்டு ஸ்டோருக்கு ஓடியிருக்கிறார், சுண்ணாம்பு மூட்டை தூக்க. சாயந்தரம் அம்மாவைத் தேடி எங்கள் வாசலில் வந்து நின்றார். புருவம் வெள்ளை, கண் மட்டும் சிவப்பு, சந்தோசத்தில்.

"தங்கச்சி, மாடி வீடு வேணாம்னு சொன்னியாமே?"

"வேணாம்னு சொல்லலண்ணே. மாட்டுக்கு எடம் கேட்டேன்."

"வீட்டக் கண்ணால பாக்காமப் பேசுற. நாளைக்குக் கட்டிக் காட்டுறேன். உன் மாட்டுக்கு எடம் இருக்கா இல்லையான்னு நீயே பாத்துக்க."

மறுநாள் பொழுது விடிந்ததிலிருந்து மைதானத்தில் பாதத்தை ஒட்டி ஒட்டி நடந்தார். படத்தில் ஒரு கட்டடத்தில் தட்டுக்கு எட்டு வீடு. கீழ்த்தட்டை மைதானத்தில் வரைந்தார். சுவர், கதவு, குசினி, கக்கூஸ் எல்லாம் சுண்ணாம்புக் கோடு. மேல்தட்டுகளுக்கு என்ன செய்வது? அதற்கும் வழி கண்டார். முதலாம் மாடியைக் கோயிலுக்கு முன்னாலிருந்த தட்டை நிலத்தில் போட்டார். இரண்டாம் மாடி தேயிலைக்கு நடுவே பழைய நாற்றுமேடையில். மூன்றாம் மாடி மலை உச்சியில், தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில். மேல்வீட்டுக்காரரைப் பார்க்க வேண்டுமானால் உண்மையிலேயே மூச்சு வாங்க வேண்டும். பொழுது சாய முப்பத்திரண்டு வீடும் தயார்.

சனம் குடியேறிய வேகத்தைப் பார்க்க வேண்டுமே! வேலை விட்டதும் ஆளாளுக்குப் பாயைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். செருப்பைக் கோட்டுக்கு வெளியே கழற்றினார்கள். காற்றில் கதவைத் தட்டினார்கள். கோட்டை மிதித்தால் மாமா பாய்ந்து வருவார்.

"ஏய், செவுத்துக்குள்ளாற பூந்து போற, நீ என்ன பேயா? வாசல் வழியா வா!"

மூன்றாம் நாள் எல்லைச் சண்டை தொடங்கிவிட்டது. "ஒன் ஆடு என் படுக்கையறையில நிக்குது" என்று ஒருத்தி. "நீ ஏன்டி கதவத் தொறந்து போட்ட?" என்று மற்றவள். பையன்களுக்கு விளையாட இடம் இல்லாததால் சின்னத்தாய் அக்காவின் குசினியில் கோல் போட்டார்கள். அக்கா அகப்பையோடு துரத்தினார், ஆனால் வாசல் வழியாகத்தான். கால்பட்டு அழிந்த கோட்டை மாமா தினமும் காலையில் புதுப்பிப்பார், கையில் நேர்கோடு வராதே, ஆகவே வீடுகள் மெல்ல மெல்ல நகர்ந்தன. ஒருநாள் எழுந்து போனால் எங்கள் குசினி பக்கத்து வீட்டுக்குள் இருந்தது. அவர்கள் அங்கேயே பாயைப் போட்டுவிட்டார்கள்.

அந்தக் கிழமைதான் பெருமாள் அண்ணன் மகளுக்குப் பரிசம். மாப்பிள்ளை வீட்டார் ஹேவாஹெட்ட பக்கத்திலிருந்து வருகிறார்கள். "புது வீட்டுலயே செஞ்சுருவோம், ஒத்திகை மாதிரி" என்றார் பெருமாள் அண்ணன். அவர் வீடு மூன்றாம் மாடி. தாம்பாளத் தட்டுகளோடு மலையேறி வந்த இருபத்தைந்து பேரும் அந்தச் சுண்ணாம்பு அறைக்குள் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா, உடம்பு கொஞ்சம் தாராளம், ஓரமாக ஒதுங்கி ஓர் எட்டு பின்னால் வைத்தார்.

"ஐயோ!" என்று மாமா போட்ட சத்தத்தில் தேங்காய் உருண்டது. "அந்தரத்துல நிக்கிறீங்க பெரியவரே! மூணாவது மாடி! உள்ள வாங்க, உள்ள வாங்க!"

பெரியவர் பதறிப்போய் முன்னால் பாய, முன்னால் நின்றவர் தட்டோடு சாய, கடைசியில் பரிசம் பாதி வீட்டுக்குள்ளும் பாதி ஆகாயத்திலும் நடந்தது. அன்று இறங்கும்போதுதான் முதல்முறையாகச் சனம் முணுமுணுத்தது. "நல்லது கெட்டதுக்கு நாலு பேரு வந்தா எங்க நிக்கிறது?"

அடுத்த நாள் அம்மா லெச்சுமியை ஓட்டிக்கொண்டு வந்தார். எங்களுக்குக் கோயிலடியில், முதலாம் மாடி. மாமாதான் கயிற்றைப் பிடித்து, வாசல் வழியாக, மிக மரியாதையாக உள்ளே கூட்டிப்போனார். லெச்சுமி திரும்பி நின்றது. தலை குசினியில், வால் பக்கத்து வீட்டுப் படுக்கையறையில். மாமா நாடியைச் சொறிந்தார்.

"நிக்க வச்சா எடம் பத்தும் தங்கச்சி. படுக்க மட்டும் வுடாத."

"ராத்திரி முழுக்க நிக்குமாண்ணே?"

மாமா கோட்டின்மேல், அதாவது சுவரின்மேல், அவரே மிதிக்கக்கூடாது என்று சொன்ன சுவரின்மேல், அப்படியே உட்கார்ந்துவிட்டார். லெச்சுமி அவர் தலையிலிருந்த சுண்ணாம்பை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"அந்த சாரு வரட்டும்" என்றார் கடைசியில். "அவரே வந்து மாட்டுக்கு எடம் காட்டட்டும்."

அதிகாரி வந்த காலையில் எல்லாக் கோடுகளும் பளிச்சென்று இருந்தன. மனிதர் ஜீப்பை விட்டு இறங்கி மைதானத்தைக் குறுக்கே நடக்கப் பார்த்தார்.

"சார், சார்! செவுரு!"

நல்ல வளர்ப்பு. சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வாசல் வாசலாகச் சுற்றி எங்கள் வீடுவரை ஏறி வந்தார். அம்மா தேத்தண்ணி கொடுத்தார். பின்னால் லெச்சுமி வாலைச் சுழற்ற, அவர் கோப்பையைக் காத்துக்கொண்டே சுற்றுமுற்றும் பார்த்தார். ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். பையிலிருந்து அளவுநாடாவை எடுத்து அறையை அளந்தார். மறுபடி அளந்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"இது பிழை! நான் பார்த்த உடனயே நினைச்சன். பிளான்ல இந்த அறை பத்தடி. இஞ்ச பதினொண்டரை அடி கிடக்கு. எங்கட வீடு இதைவிடச் சின்னன்!"

மைதானத்திலிருந்து உச்சிவரை வாசல்களில் நின்ற சனம் கழுத்தை நீட்டியது.

"இதவிடச் சின்னதா?" என்றார் அம்மா.

எல்லோரும் மாமாவின் பாதத்தைப் பார்த்தார்கள். மாமாவும் பார்த்தார்.

"கொஞ்சம் பெருசுதான் சார்" என்றார் வெட்கத்தோடு.

"பெரிய வீட்டுலயே எங்க சம்பந்தி அந்தரத்துல நின்னாருங்க" என்றார் பெருமாள் அண்ணன். "சின்ன வீடுன்னா அவரு ஹேவாஹெட்டயிலயே நிக்க வேண்டியதுதான்."

யார் முதலில் சிரித்தது என்று தெரியாது. சிரிப்பு கீழ்த்தட்டில் தொடங்கி மாடி மாடியாக ஏறியது. அதிகாரியும் சிரித்தார். சிரித்து முடிந்ததும் அம்மா மறுபடி எழுந்து, அதே குரலில், "மாட்ட எங்கங்க கட்டுறது சார்?" என்றார். இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை. "ஆமா சார், சொல்லுங்க" என்றது, அன்று பின்னாலிருந்து கேலி செய்த அதே குரல்.

அதிகாரி சுண்ணாம்பை, மாட்டை, அம்மாவை மாறி மாறிப் பார்த்தார். "ஓம் அம்மா, இது நியாயமான கேள்விதான். மேலிடத்தில கதைக்கிறன்" என்றார். வாசல் வழியாகவே வெளியேறினார்.

கதைத்தார். நாங்களும் கண்டி பஸ்ஸில் ஏறி ஏறிக் கதைத்தோம். லேசில் முடியவில்லை, வருடங்கள் ஓடின. கடைசியில் மாடிக் கட்டடம் போய், சரிவில் தனித்தனி வீடு, வீட்டுக்கு ஏழு பேர்ச் நிலம், பின்னால் ஒரு மாட்டைக் கட்டுகிற அளவு, என்று வந்தது. மைதானம் மைதானமாகவே இருக்கிறது. சின்னத்தாய் அக்காவின் குசினி இருந்த இடத்தில் இப்போது நிஜமான கோல் கம்பம்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். மாடி வீட்டில் கடைசிவரை ஆசை வைத்திருந்தவர் மாமா ஒருவர்தான். அவருடைய வீடு உச்சியில், தாங்கிக்குப் பக்கத்தில். அதிகாரி போனபிறகும் அங்கே போய் ஹந்தானை மலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், வாசல் வழியாகப் போய். பிறகு ஒரு மழை வந்தது. முப்பத்திரண்டு வீடும் பாலாகக் கரைந்து வாய்க்காலில் ஓடின. "வீடு இடிஞ்சு நட்டஈடு கேக்காத ஒரே ஆளு நான்தான்டா தம்பி" என்று நனைந்துகொண்டே சிரித்தார்.

எங்கள் வீட்டுக்கு அத்திவாரம் வெட்டுகிற நாளில் மேசன் பாஸ் நூல் கட்டி வைத்திருந்தார். மாமா தகரத்தோடு வந்துவிட்டார். யாரையும் கேட்கவில்லை, முன்சுவருக்குக் கோடு போட்டார். நடுவில் வந்ததும் கோடு வழக்கம்போல வெளியே ஒரு வயிறு தள்ளியது.

"அக்கா, இது கோணல். நூல் புடிச்சு நேராக்கிருவோம்" என்றார் பாஸ்.

"அண்ணன் போட்ட கோடு. அப்புடியே கட்டுங்க" என்றார் அம்மா.

அப்படியே கட்டினோம். அலுமாரியை அந்தச் சுவரோடு ஒட்டி வைக்க முடியாது. ஆனால் அந்த வயிற்றுக்குள் சரியாக ஒரு கதிரை போகும், போட்டிருக்கிறோம். சாயந்தரமானால் மாமா வந்து, லெச்சுமியின் பேத்தி கொடுத்த பாலில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு, "செவுரு நேராத்தான் இருக்கு, மலைதான் கோணல்" என்பார். செல்வி கல்வியியற் கல்லூரியிலிருந்து விடுமுறைக்கு வந்தாலும் அந்தக் கதிரையில் உட்காருவதில்லை, அது மாமாவின் இடம். திட்டத்தில் கிடைத்த சாமான் நேர்ச்சுவருக்குத்தான். வளைவுக்கு நாங்கள்தான் கையிலிருந்து போட்டோம். இரண்டு மூட்டை சீமெந்து, கொஞ்சம் மணல், பாஸுக்கு ஒரு நாள் கூலி. எல்லாம் சேர்த்து ஐயாயிரத்து இருநூறு ரூபாய்.