முற்றத்து வெயிலும் நான்கு கம்பங்களும்

வால்சூரா,
பிப்ரவரி கடைசி ஞாயிறு

சூரிக் நகரத்தில் சுகமாக இருக்கும் மரியாதைக்குரிய மச்சான் கியேரி அவர்களுக்கு, மலைமேல் சுகமில்லாமல் இருக்கும் உங்கள் தங்கை கணவன் பால்சர் வணக்கம் சொல்லி எழுதிக்கொண்டது.

இங்கே நானும் உங்கள் தங்கை லடீனாவும் உடம்பளவில் நலம். மாடுகள் நலம். கிறிஸ்துமஸுக்கு நீங்கள் அனுப்பிய கம்பளிக் காலுறைகளில் ஒன்று நலம், இன்னொன்றை நாய் எடுத்துக்கொண்டது. அங்கே எல்லோரும் நலம் என்றே வைத்துக்கொள்கிறேன். அப்படி இல்லாவிட்டால் தனிக் கடிதம் போடுங்கள், இந்தக் கடிதத்தில் என் கஷ்டத்துக்கே இடம் பற்றாது.

விஷயம் இதுதான் மச்சான். உங்கள் தங்கை என் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டாள். அதுவும் வீட்டுக்குள் அல்ல, ஊர்க்கூட்டத்தில், ஊரே பார்க்க, கையைத் தூக்கிப் போட்டாள்.

நம் சாப்பாட்டுக் கடை எதனால் ஓடுகிறது என்று உங்களுக்குத் தெரியும். சமையலால் என்று லடீனா நினைத்துக்கொண்டிருக்கிறாள். இல்லை மச்சான், குளிரால் ஓடுகிறது. அந்த இரண்டு பேர் உட்காரும் பழைய நாற்காலி ரோப்காரை நம் துமாஷ்தான் ஓட்டுகிறான். யாராவது ஒருத்தர் ஏறும்போது தடுக்கி விழுவார், துமாஷ் நிறுத்துவான், மேலே தொங்குகிறவர்கள் காற்றில் ஆடிக்கொண்டே விறைத்துப்போவார்கள், இறங்கியதும் எதிரே என் கடை, வாசலில் முற்றம், முற்றத்தில் வெயில். வந்து விழுகிறவன் விலை கேட்பதில்லை, பார்லி சூப்பைக் கொண்டா என்பான். நடுங்குகிறவன்தான் சூப் குடிப்பான் என்று நான் கல்யாணமான நாளிலிருந்து லடீனாவிடம் சொல்லி வருகிறேன். நடுக்கமும் வெயிலும், இந்த இரண்டும்தான் என் முதல். இப்போது இரண்டுக்கும் ஒரே நேரத்தில் ஆபத்து.

புத்தாண்டு முடிந்ததும் ரோப்கார் கம்பெனியிலிருந்து நெகேலி என்று ஒரு பொறியாளர் அம்மாள் வந்தாள். நாற்காலியை எடுத்துவிட்டுக் கண்ணாடிப் பெட்டி விடப்போகிறார்களாம், ஒரு பெட்டிக்குப் பத்துப் பேராம், காற்றே உள்ளே வராதாம். இதையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். கடைசியில் சிரித்த முகத்தோடு, "இதுல விசேஷம் என்னன்னா சார், உக்கார்ற சீட்டுக்கே சூடு குடுத்துருக்கோம்" என்றாள். மச்சான், நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள், பின்பக்கம் சூடாக இறங்குகிற ஒருத்தன் சூப் குடிப்பானா? ஐஸ்கிரீம் கேட்பான்!

அதோடு விட்டாளா? ராத்திரியில் பெட்டிகளை நிறுத்தி வைக்க ஒரு கட்டடம் வேண்டுமாம், அது என் முற்றத்துக்குத் தெற்கே வருமாம். மறுநாளே ஆட்கள் வந்து நான்கு கம்பம் நட்டார்கள். கம்பம் நட்டு உயரம் காட்டாமல் நம் ஊரில் கோழிக்கூடுகூடக் கட்ட முடியாது என்பதும், காட்டிய உயரம் பிடிக்காதவன் கெடுவுக்குள் ஆட்சேபம் சொல்லலாம் என்பதும் உங்களுக்குத் தெரியாததா? உங்கள் மாட்டுக் கொட்டகைக்குக் கம்பம் நட்டபோது முதல் ஆட்சேபம் சொன்னவனே நான்தானே. நான் முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கம்பங்களின் நிழல் எதுவரை வருகிறது என்று பார்த்தேன். விறகு அடுக்கு வரைக்கும் வந்து நின்றுவிட்டது. "வெறகுக்குத்தானே நெழலு? அதுக்கென்ன, கறுத்துடுமா?" என்று உங்கள் தங்கை துணி உதறிக்கொண்டே கேட்டாள். விறகோடு நிற்கிற நிழலுக்கு ஊரில் எவன் கோபப்படுவான்?

ஆகவே ஒரு காரியம் செய்தேன். கொட்டகைச் சுவரில் நீளமான தேவதாருக் கழிகள் சாய்த்து வைத்திருந்தேன், நல்லவேளை சரியாக நான்கு இருந்தன. துமாஷைக் கூப்பிட்டு, ஒவ்வொரு கம்பத்தின் தலையிலும் ஒரு கழியை வைத்துக் கட்டி உயர்த்தினோம். ஏணி வழுக்கி அவன் தொங்கியபோது, "யோவ் பால்சரு, நாப்பது வருசமா அடுத்தவனத் தொங்க விட்டேன், இப்ப என்னையே தொங்க விட்டுட்டியேய்யா!" என்று அலறினான். கட்டி முடித்துப் பார்த்தால், அடடா, நிழல் முற்றத்தை மொத்தமாக விழுங்கிவிட்டது. கீழே தேவாலய வாசலில் நின்று பார்த்தால்கூடக் கம்பங்கள் வானத்தைக் குத்தின. இனி ஊரே கொதிக்கும் என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

நான் ஆட்சேபம் சொல்லவில்லை மச்சான். ஏன் என்று கேளுங்கள். எதற்கெடுத்தாலும் ஆட்சேபம் சொல்கிறவன் என்று எனக்கு ஊரில் பெயர் இருக்கிறது, நான் சொன்னால் சிரிப்பார்கள், இந்த ஒரு தடவை மற்றவர்கள் சொல்லட்டும் என்று வாயை மூடிக்கொண்டு இருந்தேன். ஒருத்தன்கூடச் சொல்லவில்லை! ரொட்டிக் கடைக்காரன் அண்ணாந்து பார்த்துவிட்டு, "கம்பீரமா இருக்குல்ல?" என்றான். கெடு முடிந்தது. வெள்ளிக்கிழமை ஊர்க்கூட்டம். திட்டத்தை வாசித்தார்கள், எனக்குத் தெரியாத திட்டமா என்று கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். சம்மதிக்கிறவர்கள் கை தூக்குங்கள் என்றதும் கண்ணைத் திறந்தால், மண்டபம் முழுக்கக் கை. துமாஷின் கை. எனக்குப் பக்கத்திலேயே, நான் வாங்கிக் கொடுத்த சிவப்புக் கையுறையோடு, உங்கள் தங்கையின் கை.

"என்னடி இது, நம்ம கடைய நீயே மூடுறியா?" என்று வாசலிலேயே கேட்டேன். "ஏங்க, என் முழங்கால் போயிடுச்சு. அந்த நிலவறைக்கு ஏறி எறங்கி உருளைக்கிழங்கு தூக்க இனி என்னால ஆகாது. உங்களுக்கு வெயிலு வேணும், எனக்கு நடக்கணும்" என்றாள். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. சூப்பைக்கூட மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுகிறாள். எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது மச்சான். கடை போனால் போகிறது என்று சொல்லிவிடலாம், ஆனால் கடை இல்லாமல் நாங்கள் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து என்ன பேசுவோம் என்றே எனக்குத் தெரியவில்லை.

ஆனால் என்னிடம் ஒரு துருப்புச்சீட்டு இருக்கிறது, யாரிடமும் மூச்சு விடாதீர்கள். நாளைக் காலை ஊராட்சி அலுவலகம் போய், அந்தக் கம்ப உயரம் பொய், கட்டியவன் நானே என்று சொல்லப்போகிறேன். உயரம் பொய்யென்றால் எல்லாம் செல்லாது, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதற்குப் பிறகு ஊரே என்னைத் திட்டும்போது பக்கத்தில் நிற்க எனக்கு ஒரு ஆள் வேண்டும். நீங்கள் சொன்னால் லடீனா கேட்பாள். இதைக் கண்டதும் ரயில் ஏறுங்கள்.

உங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு வணக்கமும் சின்னவர்களுக்கு முத்தமும் சொல்லவும். கடவுள் உங்கள் தலைக்கு மேலே எந்தக் கட்டடமும் வராமல் காப்பாராக.

இப்படிக்கு,
வெயில் இழந்த பால்சர்

பின்குறிப்பு: இன்று திங்கள். ரயில் ஏற வேண்டாம், அவசரமில்லை. அலுவலகத்தில் நான் உண்மையைச் சொன்னதும், கம்பெனி வேலையாக அங்கே வந்திருந்த நெகேலி சிரித்துவிட்டாள். "கட்டின அன்னைக்கே பாத்துட்டோம் சார். கடைக்குப் போன் போட்டோம், உங்க வீட்டம்மாதான் எடுத்தாங்க" என்றாள். அந்த உயரமே இருக்கட்டும், மேல்மாடியில் சாப்பாட்டுக் கடை வைத்தால் நானே நடத்துகிறேன் என்று லடீனா சொன்னாளாம். கம்பெனி வரைபடத்தைத் திருத்தி, முறைப்படி ஊர்ப் பலகையில் ஒட்டி, புதிதாகக் கெடுவும் கொடுத்ததாம். ஊரே படித்தது. என் கம்பத்தைப் பற்றி நானே எதற்குப் படிக்க வேண்டும் என்று நான்தான் படிக்கவில்லை. கடை மேலே, சுற்றிலும் வெயில், உருளைக்கிழங்குக்கு மின்தூக்கி, கீழே நிழலில் என் முற்றம்.

வீட்டுக்கு வந்து, "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று கேட்டேன். "சொல்லியிருந்தா ஆட்சேபம் சொல்லியிருப்பீங்க" என்றாள். தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். பிறகு மெதுவாக, "அந்தச் சூடு சீட்டு?" என்றேன். "அத மொதல் நாளே எடுக்கச் சொல்லிட்டேன். பெட்டி சன்னல்லயும் நல்லா காத்து வர்ற மாதிரி வைக்கச் சொல்லியிருக்கேன். நடுங்குறவன்தான் சூப் குடிப்பான்னு இத்தன வருசமா காது புளிக்கக் கேட்டவளாச்சே" என்றாள்.

திறப்புவிழா டிசம்பரில். அவசியம் வாருங்கள் மச்சான், இரண்டு கால்சட்டை போட்டுக்கொண்டு வாருங்கள்.