விளம்பர ஞானியும் பித்தளைக் குண்டும்

விளம்பர ஞானி வந்தாலும் வந்தார், கடைத்தெருவில் பாதிப் பேர் கடையை அப்படியே போட்டுவிட்டு அவர் அறை வாசலில் நின்றார்கள். முடிதிருத்துபவர், சவரத்துக்கு வந்தவர் முகத்தில் சோப்பு போட்ட கையோடு ஓடிவந்திருந்தார். சோப்பு முகத்துக்காரர் கடை நாற்காலியிலேயே காத்திருந்தார்.

ஞானியின் மேசையில் ஆறு அட்டைகள் இருக்கும். வீடியோ, குறுஞ்செய்தி, துண்டு நோட்டீஸ், மின்னஞ்சல், வானொலி, சுவரொட்டி. கடைக்காரர் பிறந்த நேரத்தையும் கடை திறந்த நேரத்தையும் கூட்டிக் கழித்துவிட்டு, நூலில் கட்டிய பித்தளைக் குண்டை அட்டைகளின் மேல் தொங்கவிடுவார். எந்த அட்டையின் மேல் குண்டு வட்டம் போடுகிறதோ, அதுதான் அந்தக் கடைக்கு விதிக்கப்பட்ட விளம்பரம். விற்கிற சரக்கு என்ன, வாங்குகிறவர் யார் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. அதெல்லாம் சாதாரண மனிதர்கள் கேட்கிற கேள்வி.

தையல்கடை அண்ணனுக்கு வீடியோ வந்தது. மனிதர் பாவம், இருபது நாள் கத்திரிக்கோலைப் பிடித்துக்கொண்டு கைபேசியைப் பார்த்துச் சிரித்தார். பார்த்தவர்கள் எல்லாம் சொந்தக்காரர்கள். "ரொம்ப இளைச்சுட்டீங்களே" என்று விசாரித்தார்களே தவிர, ஒருத்தரும் துணியோடு வரவில்லை.

ஞானி அசரவில்லை. "வீடியோ சரிதான். கடையோட அதிர்வுதான் எழும்பல. ஆயுள் சந்தா கட்டிடுங்க, குண்டை உங்க பேர்லயே நிறுத்திடறேன்."

சந்தாவுக்காகக் கடையின் இரண்டாவது மெஷினை விற்க அண்ணன் துணிந்துவிட்டார். அதில் தைப்பவள் அவருடைய தங்கை. அதை விட்டால் அவளுக்கு வேறு பிழைப்பில்லை. விற்க அண்ணனுக்கும் மனசில்லைதான். ஆனால் பித்தளை சொன்ன பிறகு மனசு சொல்வதை யார் கேட்பது?

"சரிண்ணே, வித்துடலாம். அதுக்கு முன்னாடி நானும் ஒரு தடவை உங்ககூட ஞானிகிட்ட வரேன்" என்றாள் தங்கை. தட்டையாக எதையோ பையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள்.

அறையில் கூட்டம் நெரிந்தது. தங்கை நேராக மேசைக்குப் போனாள்.

"ஐயா, நாங்க ஒரு தடவை அளந்ததை நம்பி வெட்ட மாட்டோம். ரெண்டாவது தடவையும் அளந்துட்டுத்தான் கத்திரி வைப்போம். எங்க கடைக்கு இன்னொரு தடவை குண்டைப் பிடிங்க. அட்டையை மட்டும் கவுத்துப் போட்டுக்கறேன்."

"கவுத்துப் போட்டா குண்டுக்குத் தெரியாதும்மா."

"குண்டுக்கு ஏதுங்க கண்ணு?"

ஞானி நழுவப் பார்த்தார். பக்தர்கள் விட்டால்தானே. "பண்ணுங்க ஐயா, உங்க சக்தி என்னன்னு இந்தப் பொண்ணுக்குத் தெரியட்டும்" என்று முடிதிருத்துபவரே முன்னால் வந்து நின்றார். நம்பிக்கை இப்படித்தான், தன் குருவையே மூலையில் தள்ளும்.

தங்கை அட்டைகளைக் கவிழ்த்தாள், கலைத்தாள். பையிலிருந்து அதே அளவில் இன்னொன்றையும் எடுத்து நடுவே செருகினாள். வேர்வையைத் துடைப்பதில் மும்முரமாக இருந்த ஞானி அதைக் கவனிக்கவில்லை. கண்ணை மூடிக் குண்டைத் தொங்கவிட்டார். குண்டு ஓர் அட்டையின் மேல் சும்மா சுழன்று சுழன்று ஆடியது.

"இதேதான். சந்தேகமே வேண்டாம். வீடியோ" என்றார் ஞானி.

தங்கை அதைத் திருப்பிப் போட்டாள்.

"இன்று கடை விடுமுறை."

அவர்கள் கடைக்கதவில் தொங்கும் அட்டை அது. அறையில் யாரோ ஒருவர் முதலில் சிரித்தார். அப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை. கோள்கள் இடம் மாறிவிட்டதாக ஞானி ஏதோ சொல்லிக்கொண்டே குண்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அண்ணனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. "அப்போ நம்ம கடைக்கு எதும்மா சரி?"

"ஒரு வாரமா வந்தவங்ககிட்ட எல்லாம், எங்களை எப்படித் தெரியும்னு கேட்டேண்ணே. பதினாலு பேர்ல பதினோரு பேர் எதிர்ல இருக்கற ரெடிமேட் கடையில சொல்லி அனுப்பி வந்தவங்க. அங்க வாங்கற பேண்ட் எல்லாம் நீளமாம், குறைச்சுத் தைக்கணுமாம். அந்தக் கடைக் கண்ணாடியில நம்ம பேரை எழுதி ஒட்டச் சொல்லிக் கேட்டுட்டேன். சரின்னுட்டாங்க. மெஷினை விக்க வேண்டாம், ரெண்டுக்கும் வேலை வரும்."

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். "உன் மெஷின்மேல கை வைக்கப் பார்த்தேனே" என்றார்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த முடிதிருத்துபவர் பயபக்தியோடு நெருங்கி வந்தார்.

"நல்ல யோசனைம்மா. வர்றவங்ககிட்ட இதை எந்தக் கிழமையில கேட்டா பலிக்கும்?"

தங்கை அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்க சொந்தமா யோசிக்க ஆரம்பிக்கற கிழமையிலண்ணே."