எனக்குப் பின்னால் நொண்டியவர்

தொடை வழியாகக் கம்பி விட்டு என் நெஞ்சு வரைக்கும் கொண்டுபோக எந்த டாக்டரையும் விடுவதில்லை என்று ஒரு வெள்ளிக்கிழமை சபதம் எடுத்தேன். குளியலறையில், தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுத்தான் எடுத்தேன். என் மனைவி பிரேமாவதிக்குக் காது ரொம்பக் கூர்மை.

என் பெயர் அய்யாவு. பாடாங் மேஹா பக்கம், எண்ணெய் ஆட்டும் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறேன். என் நெஞ்சுக்கு என்ன கோளாறு என்றால், அதற்குத் தாளம் தெரியாது. நன்றாகத் துடித்துக்கொண்டே இருக்கும். திடீரென்று ஓடும், தடுக்கும், ஒரு கணம் நிற்கும், மறுபடி ஓடும். வாயு என்று சொல்லிப் பூண்டு தின்றேன், தைலம் தேய்த்தேன். கிளினிக்கில் ஒயர் ஒட்டித் துடிப்பைப் படம் எடுத்த நேரம் பார்த்து அது நல்ல பிள்ளையாகத் துடித்தது. வயிற்றில் காஸ்ட்ரிக் என்று வெள்ளை மருந்து கொடுத்து அனுப்பினார்கள். எனக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

பிரேமா விடவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போய், ஒயர் ஒட்டிய சின்னப் பெட்டி ஒன்றை நாள் முழுக்க நெஞ்சில் சுமக்க வைத்தாள். பெட்டியிடம் என் நெஞ்சு மாட்டிக்கொண்டது. இப்படியே விட்டால் ரத்தம் உறைந்து மூளைக்குப் போய் அடைக்கலாம், உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுங்கள், அப்புறம் பினாங்கில் கம்பி வைத்தியம் என்றார் டாக்டர். கம்பி என்ற பிறகு அவர் சொன்ன எதுவும் எனக்குக் கேட்கவில்லை.

இதில் யாரிடமும் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. பொழுது சாயும் நேரத்தில் செம்பனை வரிசைகளுக்கு நடுவே வீட்டுக்கு நடந்து வருவேன். எனக்குப் பின்னால் யாரோ நடப்பது கேட்கும். நொண்டி நடை. டக், டக்டக், அப்புறம் ஒன்றுமில்லை. காய்ந்த மட்டையில் கால் வைக்கிற சத்தம். நான் நின்றால் அவர் நிற்கமாட்டார், நெருங்கி வருவார். திரும்பிப் பார்த்தால் வரிசை வரிசையாக மரங்கள்தான். எல்லாம் ஒரே மாதிரி மரங்கள், எல்லாம் என்னையே பார்ப்பது போல இருக்கும்.

தோட்டத்து எல்லையில் இருக்கும் முனியாண்டிதான் என்று முடிவுக்கு வந்தேன். பயத்தில் சட்டை நனைந்தது. நனைந்த சட்டையோடு நடக்கும்போதே ஒரு வசதியும் தெரிந்தது. முனி பிடித்த ஆளுக்கு ஆஸ்பத்திரி எதற்கு?

முனி கோயிலில் சாமியாடும் தர்மலிங்கம் அண்ணனைப் போய்ப் பார்த்தேன். கறுப்பு பீரும் சுருட்டும் முன்னால் வைத்தேன். பூசையில் அருள் வந்ததும் இவன் உடம்பில் கம்பி படக்கூடாது என்று சொன்னால் போதும், வேறு எதுவும் வேண்டாம் என்றேன். அவர் பீரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், “போலே லா தம்பி, செஞ்சிடலாம்,” என்றார். என்னை எதிர்த்துப் பேசும் பிரேமா சாமியை எதிர்த்துப் பேசமாட்டாள். பூசைக்கு நானே அவளை அழைத்தேன். மறுபேச்சு இல்லாமல் வந்தாள். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

பொழுது இறங்கும்போது உடுக்கை அடித்தார்கள். காற்றே இல்லை. மரத்தில் கட்டிய மணிகள் மட்டும் ஆடின. உடுக்கை ஒரு தாளத்தில் போக, என் நெஞ்சு வேறு தாளத்தில் ஓடியது. அந்த நடை கேட்டது. நெருங்கி வந்தது. கண்ணை மூடி ஆட ஆரம்பித்திருந்த தர்மலிங்கம் அண்ணன் சட்டென்று நின்றுவிட்டார். அவர் கண் என் தோளுக்குப் பின்னால் இருந்தது.

திரும்பினேன். பிரேமா முடி அவிழ்ந்து நின்றாள். இமைக்கவில்லை. தட்டிலிருந்த சுருட்டை எடுத்துக் கற்பூரத்தில் பற்றவைத்து இழுத்தாள். ஊதுபத்திப் புகைக்கே இருமுகிறவள், கொஞ்சமும் இருமவில்லை.

“அய்யாவு,” என்றாள். கல்யாணம் ஆனதிலிருந்து அவள் வாயில் என் பெயர் வந்ததே இல்லை. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

“சாமி,” என்றேன். அதற்குள் என் முழங்கால் தரையில் இருந்தது.

“எனக்கு நேந்துவிட்ட சேவலுக்கு மாத்திரை போட்டது யாருடா?”

டாக்டர் கொடுத்த மாத்திரையை நாக்குக்கடியில் ஒளித்து வைத்து, கோழிக்கூண்டுப் பக்கம் போய்த் துப்புவது உண்மைதான். சேவல் அதைக் கொத்தியதும் உண்மைதான். நான்தான் என்று ஒப்புக்கொண்டேன்.

“உன் பின்னால நொண்டிக்கிட்டு வர்றது நான்னு நெனச்சியா?”

அந்த நொண்டியைப் பற்றி நான் டாக்டரிடம்கூட வாயைத் திறந்ததில்லை.

“அது நான் இல்லடா. உன் நெஞ்சு. அது நின்னுபோச்சுன்னா அப்புறம் உனக்கு ஒரு சத்தமும் கேக்காது. போ. போயி கம்பி வச்சிக்க.”

கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் செய்தேன். என் நெற்றியில் திருநீறு பூசிவிட்டுச் சாமி மலையேறியது. பிரேமா தரையில் சரிந்தாள். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, என்ன நடந்தது என்று என்னிடமே கேட்டாள். தர்மலிங்கம் அண்ணன் பீரைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இந்த ஊரில் அது அதற்கு முன் நடந்ததில்லை.

பிறகு மாத்திரையை ஒழுங்காக விழுங்கினேன். விழுங்கியதும் பிரேமாவிடம் வாயைத் திறந்து காட்டவும் செய்தேன். பினாங்கில் கம்பி விட்டு நெஞ்சின் தாளத்தைச் சரிசெய்தார்கள். நான் பயந்த அளவுக்கு வலிக்கவில்லை. திரும்பி வந்து செம்பனை வரிசையில் முதல் தடவை நடந்தபோது என் கால் சத்தம் மட்டும்தான் கேட்டது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, நடு வழியில் நின்று அழுதேன்.

நேற்று சாப்பிடும்போது பிரேமாவிடம் கொஞ்சம் கெத்தாகவே பேச்சை எடுத்தேன்.

“சேவல் விஷயத்த நீ கண்ணால பாத்திருப்ப, அது எனக்குத் தெரியும் லா. ஆனா அந்த நொண்டியப் பத்தி நான் ஒரு ஆள்கிட்டயும் சொன்னதில்ல. அதனாலதான் சொல்றேன், அன்னிக்கு வந்தது சாமியேதான்.”

பிரேமா என் தட்டில் ரசம் ஊற்றினாள்.

“பகல்ல யார்கிட்டயும் சொல்லல. தூக்கத்துல தெனமும் என்கிட்டதான் சொன்னீங்க.”