தெரியாம கை பட்டுடுச்சு

என் வீட்டில் நான் வேண்டுமென்றே எதையும் செய்ததில்லை. கல்யாணமான நாளிலிருந்து நடந்த தப்பெல்லாம் தானாக நடந்தவைதான். பீங்கான் தட்டு உடைந்தால் கை தவறி. மச்சானைப் பற்றி ஒரு வார்த்தை கூடிப்போனால் வாய் தவறி. பால் பொங்கினால் கவனிக்கவில்லை. நண்பன் தீனாவைத் தாம்பரம் டீக்கடையில் சந்தித்தால் எதேச்சையாக. மச்சானின் கல்யாண வீடியோ ஓடும்போது தூங்கிப்போனால் மட்டும் 'என்னையறியாமல்'. அது உயர்ந்த ரகம். அடிக்கடி வெளியே எடுப்பதில்லை.

இந்தச் சொற்களை வைத்துக்கொண்டு அஸ்தினாபுரத்தில் நிம்மதியாகக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தேன். பேராசைதான் கெடுத்தது.

மச்சான் சக்திவேல் முடிச்சூரில் வீடு கட்டி முடித்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை கிரகப்பிரவேசம் என்று அரசல்புரசலாகக் காதில் விழுந்தது. அதே ஞாயிற்றுக்கிழமை தீனா என்னைக் கோவளத்துக்குக் கூப்பிட்டிருந்தான். கடற்கரை, மீன் வறுவல், பேசாமல் படுத்துக்கிடக்கச் சவுக்கு நிழல். மாமியார் வீட்டு விசேஷம் என்றால் பந்தி பரிமாறுவது என் தலையில்தான் விழும். எனக்குச் சவுக்கு நிழல்தான் வேண்டியிருந்தது.

அழைப்பு குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில்தான் வரும். என் மனைவி சுபத்ராதான் அதற்கு அட்மின். மாமியார் கங்கையம்மாள் தினமும் விடியுமுன் அதில் ஒரு ரோஜாப்பூ அனுப்புவார். அழைப்பையே பார்க்காதவன் அன்றைக்கு வேறு வேலை வைத்துக்கொண்டால் அது குற்றமா? குரூப்பிலிருந்து வெளியேறினேன்.

சுபத்ரா பீன்ஸ் நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"ஏங்க, குரூப்பை விட்டுப் போயிட்டீங்களா?"

"நானா? ஐயையோ. தெரியாம கை பட்டுடுச்சு."

"வெளியேறவான்னு அது ஒரு தடவை கேக்குமே?"

"கேட்டுதா?"

"கேக்கும். அதுக்கும் தெரியாமத்தான் பட்டுச்சா?"

"எனக்குக் கட்டைவிரல் கொஞ்சம் பெருசு சுபத்ரா."

அவள் என் கட்டைவிரலைப் பார்த்தாள். "சரி" என்றாள். அவள் ஒரே வார்த்தையில் பேச்சை முடித்தபோதே நான் சுதாரித்திருக்க வேண்டும். நானோ பால்கனிக்குப் போய் தீனாவுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டேன்.

"தீனா, ஞாயித்துக்கிழமை நான் ரெடி. முடிச்சூருக்கு முழுக்குப் போட்டாச்சு. தெரியாம கை பட்டுடுச்சுன்னேன், நம்பிட்டா. இனிமே எங்க அத்தையோட ரோஜாப்பூத் தொல்லையும் இல்ல. தெனம் தெனம் காலங்காத்தால உசுரை எடுக்குதுடா அந்தப் பூ."

அனுப்பிவிட்டுத் திரும்பினால், சமையலறையில் யாரோ பேசுகிறார்கள். ஆண் குரல். கவனித்துக் கேட்டேன். என் குரல். "உசுரை எடுக்குதுடா அந்தப் பூ" என்று சொல்லிக்கொண்டிருந்தது.

நடந்தது இதுதான். நான் பால்கனிக்குப் போவதற்குள் சுபத்ரா என்னை மறுபடி குரூப்பில் சேர்த்துவிட்டாள். போனில் தீனா இருந்த இடத்துக்குக் குரூப் ஏறி வந்து உட்கார்ந்துவிட்டது. நான் கண்ணாடி போடாமல் தட்டியிருக்கிறேன். மெசேஜை அழிக்கலாம் என்று தோன்றவில்லை. பதறிப்போய் மறுபடி குரூப்பை விட்டே ஓடினேன். வெளியேறவா என்று அது கேட்டது. ஆமாம் ஆமாம் என்று தட்டினேன்.

"சுபத்ரா, அது வந்து..."

"தெரியாம கை பட்டுடுச்சா?"

"சத்தியமா தெரியாமதான்."

"தெரியுது. கல்யாணமானதுலேர்ந்து நீங்க தெரியாம செஞ்சது இது ஒண்ணுதான்."

"எல்லாரும் கேட்டிருப்பாங்களா?"

"ஞாயித்துக்கிழமை வாங்க. உங்களுக்கே தெரிஞ்சுடும்."

கோவளம் கைவிட்டுப் போனது. எனக்கு அதுகூடப் பெரிதாகப் படவில்லை. மாமியார் என்னை ஒரு நாளும் ஒரு வார்த்தை சொன்னவரில்லை. அவர் முகத்தில் எப்படி விழிப்பேன் என்பதுதான் உறுத்தியது.

சக்திவேல் 2015 வெள்ளத்தை மனசில் வைத்து வீட்டை ஆள் உயரத்துக்குத் தூக்கிக் கட்டியிருந்தான். பந்தியோ மொட்டை மாடியில். சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு கீழுக்கும் மேலுக்குமாக ஏறி இறங்கினேன். யாரும் சொல்லவில்லை. நானே பிடுங்கிக்கொண்டேன். நாற்காலி போட்டேன். எச்சில் இலை எடுத்தேன். யார் என்னைப் பார்த்துச் சிரித்தாலும் அந்த மெசேஜைக் கேட்டவர் என்றே தோன்றியது.

"மாமா, நீங்க போய் உக்காருங்க. ஆளுங்க இருக்காங்க" என்றான் சக்திவேல்.

குத்திக்காட்டுகிறான் என்று நினைத்தேன். "இல்லப்பா, நான் செய்யணும்" என்று ரசத்துக்கு ஓடினேன்.

கடைசிப் பந்தியில் மாமியாரே என் கையைப் பிடித்து உட்காரவைத்து இலை போட்டார்.

"காலையிலேர்ந்து பச்சைத்தண்ணி பல்லுல படல. சாப்பிடுங்க மாப்ள."

வடையை இரண்டாக வைத்தார். என் கண் கலங்கிவிட்டது. நிஜமாகவே என்னையறியாமல். அந்தச் சொல்லை இத்தனை வருஷம் தூங்குவதற்குச் செலவழித்துவிட்டேனே என்று வருத்தமாக இருந்தது.

"அத்தை, என்னை மன்னிச்சுடுங்க. அந்த வாய்ஸ் மெசேஜ்ல நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

"எந்த மெசேஜ் மாப்ள?"

பெருந்தன்மை என்று நினைத்தேன். அது என்னை இன்னும் உருக்கிவிட்டது. "உங்க ரோஜாப்பூ உசுரை எடுக்குதுன்னு சொன்னேனே, அது. குரூப்பை விட்டதும் தெரியாம இல்ல அத்தை. இங்க வராம கோவளம் போகத்தான்" என்று ஒன்றுவிடாமல் கொட்டித் தீர்த்தேன்.

மாமியார் கையில் பாயசக் கரண்டி அப்படியே நின்றது.

"பேரப் புள்ளைங்க யாரும் அதைத் தொறந்துகூடப் பாக்கறதில்ல. மாப்ள மட்டும் பாக்கறாருன்னு சுபத்ரா சொன்னா. அதான் அனுப்பிகிட்டிருந்தேன்" என்றார். பிறகு, "இனிமே அனுப்பல" என்று சொல்லிவிட்டுப் பாயசத்தை ஊற்றினார்.

அந்தப் பாயசம் எனக்கு இனிக்கவில்லை.

திரும்பும் வழியில் தாம்பரம் சிக்னலில் ஸ்கூட்டர் நின்றது. பின்னால் இருந்த சுபத்ராவிடம் கேட்டேன்.

"அத்தை ஏன் எந்த மெசேஜ்னு கேட்டாங்க?"

"அவங்க எங்க அந்த மெசேஜைக் கேட்டாங்க? யாருமே கேக்கல. நான் அட்மின் ஆச்சே, அப்பவே அழிச்சுட்டேன்."

பின்னால் ஆரன் அடித்தார்கள். சிக்னல் எப்போது விழுந்தது என்று நான் கவனிக்கவில்லை.

"அடிப்பாவி, அதை எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லணும்னுதாங்க இருந்தேன். ஏதோ ஞாபகத்துல மறந்துட்டேன்."