டங்கு கண்டக்டரின் வாசல் கடை

டங்.

கீழே காஸ் சிலிண்டர் இறக்குகிறார்கள். உருட்டிக்கொண்டு வந்து, படிக்கட்டு முனையில் ஒரு இடி. அந்த ஓசை சுவரேறி, ஜன்னல் கம்பியில் நடுங்கி, என் காப்பி டம்ளருக்குள் விழும்போது நான் ஆரணியில் இருக்கிறேன். பட்டுக்குச் சாயம் காய்ச்சும் வாடை. விசைத்தறியின் விடாத தடதடப்பு. அதற்கு நடுவில் ஒருவர் விரல் கணுவால் பித்தளையைத் தட்டி, காதைச் சாய்த்து, உதட்டைப் பிதுக்குகிறார்.

மனிதன் செய்த எந்தப் பொருளையும் ஒருமுறைகூடப் பாராட்டாமல் வாழ்ந்து காட்டிய ஒரே ஜீவன் அவர்தான். ரேஷன் கார்டில் அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். தெருவுக்கு அவர் டங்கு கண்டக்டர். ஆரணி - தேவிகாபுரம் வழித்தடத்தில் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலை மாற்றலில் ஆரணிக்குப் போய் அவர் எதிர்வீட்டில் நான் குடியிருந்த சில வருடங்களில், அவர் தட்டாத பொருள் ஒன்று அந்தத் தெருவில் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

பழைய சாமான் வாங்குவதுதான் அவருக்கு மூச்சு. காயலான் கடை, இடிக்கும் வீடு, பாகப்பிரிவினையில் யாருக்கும் வேண்டாமல் மூலையில் கிடக்கும் வெண்கலம், எதையும் விட மாட்டார். எடுப்பார், தட்டுவார், டங். காதைச் சாய்ப்பார். "ஓசை சரியில்ல" என்பார். விற்பவன் முகத்தில் ஒரு நிழல் விழும். அவ்வளவுதான், விலை தானாகப் படியிறங்கி வரும். எந்தக் குறையும் இல்லாத சாமானாக இருந்தால் இன்னும் அதிகமாகப் பிதுக்குவார்.

பழக்கம் முற்றி, வாங்காத பொருளையும் தட்ட ஆரம்பித்தார். நான் தவணையில் எடுத்த புது பிரிட்ஜைத் தட்டினார். கல்யாண வீட்டில் சீர்வரிசைத் தட்டைத் தட்டி, பெண் வீட்டாரை அழ வைத்தார். சபையார் எல்லாரும் காணிக்கை போட்டு வாங்கிய புது மணியைச் சர்ச்சில் ஏற்றுவதற்கு முன் தட்டிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினாராம். ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனாலும் அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை மணி அடிக்கும்போதெல்லாம் சபையே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டது.

வேலையில் இருந்த காலத்தில் பஸ்தான் அவருக்கு உளவுத்துறை. எந்த ஊரில் எந்த வீட்டுக்கு மாடுலர் கிச்சன் வருகிறது, யார் பையன் வெளிநாட்டிலிருந்து வந்து ஓட்டு வீட்டை இடிக்கிறான் என்பதெல்லாம் டிக்கெட் கிழிப்பதற்குள் காதில் விழுந்துவிடும். ஒருமுறை தேவிகாபுரத்தில் ஒரு செப்பு அண்டாவை வாங்கி, கடைசி சீட்டில் உட்கார வைத்து, அதற்கு முழு டிக்கெட்டும் போட்டிருக்கிறார். வழியில் ஏறிய ஓர் அம்மாள் நின்றபடியே சண்டைக்கு வந்தாள். மனுஷி நிக்கிறேன், அண்டா உக்காந்துகினு வருது, இது இன்னா நியாயம் என்று கேட்டாள். கண்டக்டர் டிக்கெட்டை எடுத்துக் காட்டி, "அது ஆரணிக்கு எடுத்துகினு இருக்குதும்மா. நடுவுல எழுப்பி விட எனக்கு ரைட்ஸ் இல்ல" என்றாராம்.

அந்த அண்டாவும் அதன் உறவினர்களும்தான் அவர் வீட்டு ஹாலில் குடியிருந்தார்கள். உரல்கள், உலக்கைகள், சாவி இல்லாத பெட்டிகள், பெட்டி இல்லாத சாவிகள், பேசாத ரேடியோக்கள், ஆளுக்கொரு நேரம் காட்டும் சுவர்க் கடிகாரங்கள். ரூத் டீச்சர், அதாவது கண்டக்டரின் மனைவி, அந்த ஹாலைக் கடப்பதற்கென்று நண்டு நடை ஒன்று பழகியிருந்தார். துவக்கப்பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குரல் உயராது. "கர்த்தரே வந்தாலும் வாசல்லதான் நிக்கணும், உள்ள எடம் இல்ல" என்று மட்டும் எப்போதாவது சொல்வார்.

டீச்சருக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துபோய், வேலூரில் ஆபரேஷன் ஆனது. இனி மாடிப்படி ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர்கள் படுக்கை அறையோ மாடியில். கீழே இருந்த ஒரே இடம் ஹால். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போதே டீச்சர் காரில் உட்கார்ந்துகொண்டு, கோபமே இல்லாமல் சொன்னார். "நான் வரும்போது ஹால்ல ஒரு கட்டில் போட எடம் இருக்கணும். இல்லன்னா வண்டிய நேரா செய்யாருக்கு விடச் சொல்லிடுவேன். தங்கச்சி வீட்டுல எடம் இருக்குது. அப்புறம் நான் திரும்பி வர மாட்டேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் கண்டக்டர் தூங்கியிருப்பார்.

வழி சொன்னவன் ஜெபா, செய்யாறு தங்கையின் மகன். சிப்காட்டில் ஏதோ கம்பெனியில் வேலை. நைட் ஷிப்ட் முடிந்து, கழுத்தில் அடையாள அட்டையைக்கூடக் கழற்றாமல் நேராக வந்து நின்றான். வெளிநாட்டில் எல்லாம் கராஜ் சேல் என்று ஒன்று உண்டாம், வேண்டாத சாமானை வீட்டு வாசலிலேயே பரப்பி விற்றுவிடுவார்களாம், போனில் பார்த்தானாம். நம்மிடம் கராஜே இல்லையே என்றார் கண்டக்டர். வாசல் இருக்கிறதே பெரியப்பா என்றான் அவன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. தெருவில் தறிக்குப் பாவு நூல் நீட்டியிருந்தவர்கள் சுருட்டிக்கொண்டு போன பிறகு, நாங்கள் மூன்று பேரும் ஹாலை வெளியே கொண்டுவந்தோம். வெயிலைப் பார்த்து எத்தனையோ காலமான பித்தளை கூச்சப்பட்டுக்கொண்டு மின்னியது. அன்றும் ஷிப்ட் முடிந்து கழுத்து அட்டையோடு வந்திருந்த ஜெபா, சாமான் ஒவ்வொன்றிலும் ஒரு நம்பர் ஒட்டினான். ஒவ்வொன்றையும் போனில் படம் பிடித்தான். தெரு முழுக்கக் கதவிடுக்குகளில் நின்று பார்த்தது. யாரும் கிட்டே வரவில்லை. பக்கத்து வீட்டு சரசக்கா, தறியைப் போட்டுவிட்டு எழுந்து வந்து, ஜெபாவின் கழுத்து அட்டையை ஒரு முறை பார்த்து, ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்விட்டாள்.

வந்த ஒரே வாடிக்கையாளர் காயலான் கடை பாய். கண்டக்டரிடம் தோற்றே பழகிய மனிதர். ஒரு வெண்கலப் பானையைக் கையில் எடுத்து, மனசாட்சியோடு ஒரு விலை சொன்னார். அப்போது கண்டக்டரின் வாய், அவரைக் கேட்காமலே வேலையைத் தொடங்கிவிட்டது. பானையைத் தட்டினார். காதைச் சாய்த்தார். உதடு பிதுங்கியது.

"அவ்ளோலாம் பெறாது பாய். ஓசையே சரியில்ல. பாதிக்குக் கேளு."

"கண்டக்டரே, விக்கிறது நீங்க."

"அதுக்கு? அடியில பாத்தியா, ஓட்டைக்கு ஈயம் பத்த வச்சிருக்கான்."

பாய் பாதி விலைக்கு வந்தார். அதுவும் ஜாஸ்தி என்றார் கண்டக்டர். நானும் ஜெபாவும் இரண்டு பக்கமும் சட்டையைப் பிடித்து இழுத்தோம். பயனில்லை. விற்பவரே இப்படி விலையை இறக்கிக்கொண்டே போனால் சாமானில் ஏதோ வில்லங்கம் இருக்கவேண்டும் என்று பாய்க்கு வியர்த்துவிட்டது. பானையைப் பத்திரமாகக் கீழே வைத்து, "எனக்கு இந்த பேஜார் வேணாங்க" என்று சைக்கிளை எடுத்தவர் திரும்பிப் பார்க்கவில்லை.

மதியம் வேலூரிலிருந்து போன் வந்தது. டீச்சரை அனுப்புகிறார்களாம், ஜல்தியாக வாருங்கள் என்று. ஒரு கரண்டிகூட விற்கவில்லை. கண்டக்டர் வாசலைப் பார்த்தார், காலி ஹாலைப் பார்த்தார். மாலைக்குள் இதெல்லாம் உள்ளே போக வேண்டும், அல்லது டீச்சர் உள்ளே போக வேண்டும். சாமானைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளும்படி என்னிடம் சொல்லிவிட்டு, ஜெபாவோடு காரில் ஏறினார்.

நான் என் வீட்டு ஜன்னலில் உட்கார்ந்தேன். கார் திரும்பியதும் சரசக்கா வந்தாள். இரண்டு பக்கமும் பார்த்தாள். செப்பு அண்டாவை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நடந்தாள். சரி, முதல் விற்பனை, கண்டக்டரிடம் பேசி வைத்திருப்பாள் என்று நினைத்தேன். பின்னாலேயே தெரு வந்தது. உரலை இரண்டு பேர் உருட்டிக்கொண்டு போனார்கள். கடிகாரங்கள் முந்தானைக்குள் மறைந்தன. யாரும் பேசவில்லை, பேரமும் இல்லை. ஒரு தெருவே ஒரே மூச்சில் பழைய சாமானுக்கு ஆசைப்பட்டதைக் கண்டு எனக்கு ஆச்சரியம்தான். வெயில் சாய்வதற்குள் வாசலில் காலையில் நான் கொண்டுவந்து போட்ட ஸ்டூலைத் தவிர எதுவும் மிச்சமில்லை.

கார் வந்து நின்றபோது கண்டக்டரின் முகம் போன போக்கு இருக்கிறதே. காலி வாசல். ஒரு பைசா கையில் வரவில்லை. அப்படியானால் எல்லாம் களவு போயிருக்கிறது. ஆனால் பக்கத்தில் டீச்சர், வாக்கரைப் பிடித்துக்கொண்டு, முதல்முறையாக நேராக நடந்து அந்த ஹாலுக்குள் போகிறார். நடுவில் நின்று சுற்றிலும் பார்க்கிறார். ஜெபா கட்டிலை விரிக்கிறான்.

"எல்லாத்தையும் குடுத்துட்டீங்களா? எனக்காகவா?"

கண்டக்டர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"ம்" என்றார்.

டீச்சர் வாக்கரை ஓரமாகச் சாய்த்து வைத்தார். படுத்துக்கொண்டு, வெறும் சுவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

விளக்கு வைக்கும் நேரம். வாசலில் சரசக்கா, இடுப்பில் செப்பு அண்டா. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அந்த ஆளு போயிட்டானாங்க?" என்றாள்.

"எந்த ஆளு?"

"ஜப்திக்கு வந்தானே, கழுத்துல கார்டு மாட்டிகினு. நம்பரு ஒட்டுறான், போட்டோ புடிக்கிறான், எங்களுக்குத் தெரியாதா? நீங்க ஒண்ணும் பயப்படாதீங்க. ஒரு கரண்டி போவல. எல்லாம் எங்க வீடுங்கள்லதான் பத்திரமா இருக்குது."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. தறிக்காரர்கள் தெருவில் பாத்திரம் பண்டம் வாசலுக்கு வந்தால் அதற்கு ஒரே பொருள்தான். கடன்காரன் கோர்ட்டு ஆளோடு வந்திருக்கிறான். வந்தால் அந்தத் தெருவுக்கு ஒரு வழக்கம் உண்டு. யாரும் யாரையும் கேட்பதில்லை. ஒரு வீட்டுச் சாமான் சத்தமில்லாமல் மற்ற வீடுகளுக்குள் போய்விடும். ஆபத்து கடந்ததும் சத்தமில்லாமல் திரும்பி வரும்.

அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து ஜெபா, கழுத்தில் அதே அட்டையோடு, தலையணைக்கு உறை போட்டபடி வெளியே வந்தான். சரசக்கா அண்டாவோடு இரண்டடி பின்னால் போனாள். "ஐயோ, உள்ளயே உக்காந்துகினு இருக்கானே" என்றாள். டீச்சரின் தங்கை மகன் என்று நான் விளக்கிச் சொல்லியும் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. இன்றுவரை அந்தத் தெருவில் அவன் பெயர் ஜப்தி.

அதற்குள் அவள் பின்னால் வரிசை சேர்ந்துவிட்டது. உரல் வந்துகொண்டிருந்தது. ரேடியோக்கள் வந்தன. கடிகாரங்கள் ஆளுக்கொரு நேரம் சொல்லிக்கொண்டு வந்தன. ஒரு சாமான் குறையவில்லை. கண்டக்டரின் கண் பித்தளை போலப் பளபளத்தது.

"வாசல்ல யாருங்க?" என்று உள்ளேயிருந்து டீச்சரின் குரல்.

கண்டக்டர் திரும்பிக் கட்டிலைப் பார்த்தார். பிறகு கையை நீட்டி அண்டாவைத் தட்டினார். டங். காதைச் சாய்த்தார். அந்த ஓசையை அவருக்குத் தூக்கத்தில் தட்டினாலும் தெரியும்.

"இது என்னுது இல்ல, சரசு."

"இன்னாங்க சொல்றீங்க? காலையில நான்தானே உங்க வாசல்லருந்து..."

"ஓசை வேற. இது உன்னுதுதான். எடுத்துகினு போ."

அடுத்து வெண்கலப் பானை. டங். என்னுது இல்ல. உரலைக் குனிந்து தட்டினார். என்னுது இல்ல. ரேடியோ, பெட்டி, கடிகாரம். ஒவ்வொன்றுக்கும் ஒரு தட்டு, ஒரு மறுப்பு. குரல் மட்டும் போகப்போகத் தேய்ந்தது. ஜனங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, கொண்டுவந்ததைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போனார்கள். மனுஷனுக்கு மருந்து ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை என்று பேச்சு. ஆபரேஷன் அவருக்கு இல்லை என்பது யாருக்கும் தோன்றவில்லை.

கடைசியில் நின்றவள் கையில் ஒரு வெண்கலக் கைமணி. எங்கோ ஒரு பள்ளிக்கூடத்தை இடித்தபோது வாங்கியது. கண்டக்டர் விரலை மடக்கினார். அதற்குள் உள்ளேயிருந்து சொன்னார் டீச்சர்.

"அது என்னுது. கொண்டாந்து இங்க வைங்க."

அதற்குப் பிறகு கண்டக்டரின் ஹால் தெரு முழுக்கப் பரவிக் கிடந்தது. காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போவார். சரசக்கா வீட்டில் அண்டாவைத் தட்டுவார், அடுத்த வீட்டில் உரலை. தண்ணி ஊத்தி வைக்காத, உப்பு படியும் என்பார். என் அண்டாவில் நான் தண்ணி பிடிக்க உங்களைக் கேக்கணுமா என்று அவள் சண்டை போடுவாள், காப்பியும் கொடுப்பாள். நடுவில் ஹாலிலிருந்து கைமணி கிணுகிணுக்கும். எந்த வீட்டில் எந்தச் சாமானின் மேல் காதை வைத்திருந்தாலும் போட்டுவிட்டு ஓடிவிடுவார். அந்த மணியின் ஓசையைப் பற்றி அவர் குறை சொல்லி நான் கேட்டதில்லை.

எனக்கு மறுபடி மாற்றல் வந்தது. வேனில் என் சாமான்களை ஏற்றும்போது வந்து நின்றார். ஒன்றையும் விடவில்லை. பீரோவைத் தட்டி, வெறும் தகரம் என்றார். கட்டில் ஊதினால் பறக்கும் என்றார். பிரிட்ஜை இரண்டாவது முறையாகத் தட்டி, அன்னிக்கே சொன்னேனே என்றார். டிரைவர் வண்டியைக் கிளப்பினான். நான் ஏறப்போனேன். முதுகில், தோள்பட்டைக்குக் கீழே, விரல் கணுவால் ஒரு தட்டு விழுந்தது. திரும்பினால் அவர் காதைச் சாய்த்துக்கொண்டு நின்றிருந்தார். உதடு பிதுங்கவில்லை.

"ஓசை நல்லாதான் இருக்குது தம்பி. எவனாவது குறைச்சிக் கேட்டா குடுத்துடாத."