ஒரு லாரி இட்லி

டிவி சீரியலில் குறை கண்டுபிடிக்கும் ஆணுக்கு எந்த வீட்டிலும் மரியாதை கிடையாது. இது எனக்கு இப்போது தெரியும். ஒரு பொறியியல் கல்லூரியில் இயற்பியல் பாடம் எடுக்கச் சேர்ந்த புதிதில் தெரியாது. எடமலைப்பட்டி புதூர் வீட்டில் அம்மா அந்த சீரியலைப் போட்டதும் நானும் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வேன். பார்ப்பதற்கு அல்ல, திட்டுவதற்கு.

சீரியலின் நாயகி தாரிகா ஒரு விஞ்ஞானி. ஆராய்ச்சிக்கூடத்தில் மின்னல் தாக்கியதிலிருந்து அவளுக்குக் கண்ணாலேயே பொருள்களைத் தூக்கும் சக்தி வந்துவிட்டது. தூக்கும்போது நெற்றிப்பொட்டு ஒளிரும், பின்னணியில் உடுக்கை அடிக்கும். எப்படி என்று யாராவது கேட்டால் "குவாண்டம்" என்பாள். கேட்டவர் வாயை மூடிக்கொள்வார். (என் வகுப்பிலும் அப்படித்தான்.)

"உடுக்கையா, குவாண்டமா? ஏதாவது ஒண்ணைச் சொல்லித் தொலைங்கடா!" என்று கத்துவேன்.

"பேசாம பாரு, இல்ல எந்திரிச்சுப் போ" என்பார் அம்மா.

அந்தச் சமயத்தில்தான் ஸ்ரீரங்கத்தில் நித்யாவைப் பெண் பார்த்துவிட்டு வந்தோம். வங்கியில் வேலை. எனக்குப் பார்த்த நிமிடமே பிடித்துப்போயிற்று. அவர்கள் வீட்டிலிருந்துதான் பதிலே வரவில்லை. போன் அடிக்கும்போதெல்லாம் ஓடிப்போய் எடுப்பேன், யாராவது மனை விற்பார்கள். கடைசியில் ஒருநாள் நித்யாவே கூப்பிட்டாள்.

"எங்க ஃபிளாட்ல பொங்கல் விழாவுக்குப் பட்டிமன்றம் வெக்கிறோம். தாரிகாவோட சக்தி அறிவியலா, மாயமா? மாயம்தான்னு பேச ஒரு ஆள் குறையுது. வர்றீங்களா?"

"நான் ஃபிசிக்ஸ் வாத்தியாருங்க. நான் எப்படி மாயம்னு..."

"மாயம்தான், அறிவியல் இல்லன்னு நீங்கதானே அடிச்சுச் சொல்லணும்? நான் எதிரணி. நீங்க பேசறதைக் கேட்டுட்டு நம்ம விஷயத்துக்குப் பதில் சொல்றேன்."

ஆக, அது பட்டிமன்றம் இல்லை, இன்டர்வியூ. காவேரிப் பாலம் தாண்டும்வரை பஸ்ஸில் பேச்சை மனப்பாடம் செய்துகொண்டே போனேன். பக்கத்தில் பட்டுப்புடவையில் அம்மா. "அதிகப்பிரசங்கித்தனம் பண்ணாதே" என்று ஒரே ஒரு அறிவுரை சொன்னார். பட்டிமன்றத்தில் அது இல்லாமல் எப்படிப் பேசுவதாம்?

கார் நிறுத்துமிடத்தில் ஷாமியானா. நடுவர், மூன்றாவது மாடியில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். முன்வரிசையில் நித்யாவின் அப்பா, அவருக்குப் பக்கத்தில் என் அம்மா. முந்தின வாரம் தாரிகா, ஒரு குழந்தையைக் காப்பாற்ற மணல் லாரியைக் கண்ணாலேயே ஒரு மாடி உயரத்துக்குத் தூக்கியிருந்தாள். நான் அந்த லாரியைப் பிடித்துக்கொண்டேன்.

"எதைத் தூக்கணும்னாலும் ஆற்றல் வேணும். அது சும்மா வராது, சாப்பாட்டுலேர்ந்துதான் வரணும். ஒரு லாரியைத் தூக்கணும்னா தாரிகா ஒரு லாரி நிறைய இட்லி சாப்பிட்டிருக்கணும்! சாப்பிட்டாளா? ஒரு காட்சியிலாவது காட்டினாங்களா?"

கைதட்டல் பிய்த்துக்கொண்டு போயிற்று. நித்யாவின் அப்பாவே சிரித்தார். நான் காலரைத் தூக்கிவிடாத குறைதான்.

நித்யா எழுந்தாள். "ஒரு லாரி இட்லின்னு எப்படிச் சொல்றீங்க? கணக்குப் போட்டுப் பாத்தீங்களா?"

"இதுக்கெல்லாம் கணக்கு எதுக்குங்க? பாத்தாலே தெரியுதே."

"போடுங்களேன். அதோ போர்டு இருக்கு."

கோலப்போட்டி முடிவு எழுதியிருந்த பலகை அது. அலட்சியமாக அழித்தேன். ("ஐயோ, என் ஃபர்ஸ்ட் ப்ரைஸ்!" என்று ஒரு அம்மா அலறினார்.) மணலோடு லாரி பத்து டன். உயரம் மூன்று மீட்டர், புவியீர்ப்புக்கு ஒரு பத்து. பெருக்கினேன். மூன்று லட்சம் ஜூல் வந்தது.

"பாத்தீங்களா, லட்சம்!" என்றேன் வெற்றிக் களிப்போடு.

"சாப்பாட்டுக் கலோரியில சொல்லுங்க" என்றாள் நித்யா.

மாற்றினேன். எழுபத்திரண்டு வந்தது. மறுபடி போட்டேன். அப்போதும் எழுபத்திரண்டுதான்.

"ஒரு இட்லிக்கு அம்பது கலோரிங்க" என்றார் கூட்டத்திலிருந்து ஒரு சர்க்கரை நோயாளி. "எங்க டாக்டர் சொல்லியிருக்காரு."

ஒன்றரை இட்லி! ஒரு லாரியை மாடி உயரத்துக்குத் தூக்க ஒன்றரை இட்லி. ஷாமியானாவே அதிர்ந்தது. என் அம்மா கைதட்டிக்கொண்டிருந்தார், எதிரணிக்கு.

"இருங்க, இருங்க!" என்று மைக்கைப் பிடித்தேன். "நம்ம உடம்பு சாப்பிடறதுல முக்கால்வாசியை வீணாக்கிடும். அதனால ஒன்றரை இல்ல, ஆறு இட்லி வேணும்!"

"ஆறு இட்லி எங்க வீட்டுக்காரரே சாப்பிடுவாருங்க! அவரு தண்ணிக் கேனைக்கூடத் தூக்க மாட்டாரு!" என்றார் கோலப்போட்டி அம்மா.

அதோடு நான் உட்கார்ந்திருக்கலாம். நடுவரும் மணி அடித்துவிட்டார். ஆனால் எனக்குள் என்னமோ ஆகிவிட்டது. பலகையையே பார்த்தேன். இவ்வளவு வருடம் படித்திருக்கிறேன், பாடமும் எடுக்கிறேன், இந்தக் கணக்கை ஒருநாளும் போட்டுப் பார்க்கத் தோன்றவில்லையே!

"அட! நான் சொன்னது சுத்தத் தப்புங்க!" என்றேன் மைக்கிலேயே, லாட்டரி விழுந்தவன் குரலில். "ஆனா ஆச்சரியமா இல்ல? அப்ப நாம தினம் சாப்பிடற இட்லியெல்லாம் எங்க போகுது? பெரும்பாலும் சூடாவே போயிடுது. சும்மா உக்காந்திருக்கறதுக்கே அவ்வளவு செலவு!"

நித்யா தன் இடத்தை விட்டுப் பலகைக்குப் பக்கத்தில் வந்துவிட்டாள். "அப்ப தாரிகா தூக்கலாம்ல?"

"ஆற்றல் போதும். ஆனா லாரியோட பாரம் எங்க போச்சு? தாங்கறது அவதான்னா, அவ்வளவும் அவ கால்மேல இறங்கணும். நின்ன இடத்துல தரை பொளந்திருக்கணும். அவ செருப்புகூட நசுங்கலியே!"

"தரை பொளக்கற மாதிரி காட்டியிருந்தா ஒத்துக்குவீங்களா?"

யோசித்தேன். கண்ணால் எப்படித் தூக்குகிறாள் என்பது அப்போதும் புரியாதுதான். ஆனாலும் தூக்குகிறவளுக்குக் கொஞ்சமாவது கால் வலித்தால் நான் நம்பியிருப்பேன். என் கோபமெல்லாம் உடுக்கைமேல் இல்லை, அவளுக்கு வலிக்கவே இல்லை என்பதில்தான்.

"ஒத்துக்குவேன்னுதான் நினைக்கிறேன்" என்றேன்.

என் அணித்தலைவர் தலையில் கைவைத்துக்கொண்டார். நடுவர் மணியை வைத்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்: "அறிவியலும் இல்ல, மாயமும் இல்ல. தாரிகாவோட சக்தி, இட்லியே!"

திரும்பும்போது பஸ்ஸில் அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. "பொண்ணு வீட்டுக்காரங்க முன்னாடி எந்த மாப்பிள்ளையாவது 'நான் சுத்தத் தப்பு'ன்னு மைக்குல சொல்லுவானா? இனிமே அங்கேருந்து பதிலே வராது, பாத்துக்க." எனக்கும் அப்படித்தான் பட்டது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். உண்மையாகவே அழுகை வந்தது.

மறுநாள் மத்தியானம் போன். நித்யா.

"எங்க வீட்ல எல்லாரும் காலைல ஆறாறு இட்லி சாப்பிட்டுட்டு டிவியை முறைச்சுப் பாத்தோம். நகரலை."

டிவி என்ன எடை என்று கேட்டேன்.

"அது இருக்கட்டும். தப்புன்னு தெரிஞ்சதும் உங்களுக்குக் கோவம் வரும்னு நினைச்சேங்க. நீங்க என்னடான்னா அப்படிச் சந்தோஷப்படறீங்க! எனக்குச் சம்மதம். அப்பா இன்னிக்குப் பேசுவாரு."

கல்யாணத்தன்று காலை டிபனில், நான் கேட்காமலேயே என் இலையில் ஆறு இட்லி விழுந்தது. "மாப்பிள்ளை, வாசல்ல லாரி நிக்குது!" என்று மாமனார் மண்டபமே கேட்கச் சொன்னார். பெண் வீட்டார், பிள்ளை வீட்டார் என்று பேதமில்லாமல் அத்தனை பேரும் சிரித்தார்கள்.

தாரிகா சீரியல் முடிந்து வெகுநாளாயிற்று. எங்கள் வீட்டில் மட்டும் இன்னும் முடியவில்லை. கேஸ் சிலிண்டர் வந்து வாசலில் இறங்கியதும் உள்ளேயிருந்து நித்யாவின் குரல் வரும்: "சாப்பிட்டது ஆறு இட்லி, ஞாபகம் இருக்குல்ல?"

இருக்கிறது. யாரும் பார்க்கவில்லையே என்று ஒரு தடவை உறுதிசெய்துகொண்டு, சிலிண்டரைக் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்ப்பேன். (சும்மா, ஒரு இதுக்கு.) அப்புறம் குனிந்து தூக்குவேன்.